சிவப்புக் கோட்டுக்குக் கீழே

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம் ஓர் ஊரைவிடப் பெரியது. உள்ளே ஏரி இருக்கிறது. பேருந்து ஓடுகிறது. ஒரு பக்கம் மழை கொட்டும்போது மறுபக்கம் வெயிலில் துணி காயும். இருபத்திரண்டு வருடமாக வந்து போகிறேன். மேற்கே குன்றுக்குப் பின்னால் என்னென்ன கட்டடங்கள் எழும்பின என்று போய்ப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்தது நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளம், அதில் மூன்றாம் கவுண்டர், கவுண்டர் கண்ணாடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு வெட்டிய அரைவட்டம். அந்த அரைவட்டத்தின் வழியாகத்தான் இந்தப் பெரிய இடம் என்னிடம் வந்து சேரும். பாரங்களாக, கடிதங்களாக, வியர்த்த விரல்களாக.

பெரிய இடத்தில் வேலை செய்கிறவர்களின் பயமும் வேறு மாதிரியானது. சின்னக் கடையில் தப்பு செய்தால் முதலாளி திட்டுவார். திட்டும் முகம் தெரியும், திட்டி முடித்ததும் தேநீர் வரும். இங்கே தப்பு மேலே போகும். மாடி மாடியாக ஏறும். சில வாரம் காணாமல் போகும். நாம் சிரிக்கப் பழகிய பிறகு ஒரு காலையில், உறைக்குள், நம் பெயர் பிழையில்லாமல் அச்சாகி, மேசைக்கு இறங்கி வரும். அந்தக் கடிதத்தை நாங்கள் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. 'அது' என்போம். "அவங்களுக்கு அது வந்துச்சாம்." அவ்வளவுதான். சொன்னவர் உடனே பேச்சை மாற்றிவிடுவார்.

என் கையில் இருந்த ஆயுதம் ஒரே ஒரு ரப்பர் முத்திரை. எங்கள் பேச்சில் சாப்பு. 'பெற்றுக்கொண்டோம்' என்ற சொல்லும் அதன் நடுவில் தேதியும். தேதி பல்சக்கரத்தில் ஓடும். தினமும் காலையில் கட்டைவிரலால் சக்கரத்தை ஒரு பல் தள்ள வேண்டும். தள்ளும்போது சிறிய எலும்பு முறிவது போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடுதான் எனக்கு நாள் பிறக்கும்.

இப்போது எங்கள் மாநிலத்தின் ஒரு பழைய வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பத்து வருடத்துக்கும் மேலாக ஜொகூரில் அரசாங்க விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் அலுவலகத்தில் இருப்போம். கோலாலம்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் இது வரம்: அவர்களுக்கு ஞாயிறு லீவு, எங்களுக்கு ஞாயிறு வேலை. வாரம் முழுக்க எல்லைப் பாலம் ஏறி இறங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து கையெழுத்து, சான்றிதழ், கடிதம் எல்லாம் முடித்துக்கொண்டு போவார்கள். என் அரைவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நுழைந்த கைகள் பெரும்பாலும் தொழிற்சாலைக் கைகள்.

பிறகு ஒரு ஜனவரியில் நாளை மாற்றினார்கள். சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளி வேலை நாள். சுற்றறிக்கை வந்தது, சுவரில் புது நாள்காட்டி ஏறியது. நாள்காட்டியை மாற்ற ஓர் ஆணி போதும். உடம்பு ஆணியில் மாட்டிக்கொள்வதில்லை.

அது நடந்து சில வாரங்கள்தான். ஒரு செவ்வாய்க்கிழமை பரீட்சை முடிவுகள் வந்தன. புதன்கிழமை காலை என் கண்ணாடிக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயது தாண்டியவர். பகுதிநேர மாணவர். சட்டைப் பையில் தொழிற்சாலை அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, தமிழா?"

"தமிழ்தான். சொல்லுங்க தம்பி."

"அப்பாடா. மலாய்ல சொன்னா பாதியை விட்டுருவேன்." கையில் இருந்த தாளை உள்ளே தள்ளினார். படிப்பு நிறுத்தம் என்று இருந்தது. ஒரே பாடம், மூன்றாம் முறை தேறவில்லை. பரீட்சைக்கு வரவில்லை என்று குறித்திருந்தது.

"வந்தேன் அக்கா. வராம இல்ல. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வந்தேன். பாலத்துல ஜாம். பைக்கே நகரல. ஒன்றரை மணி நேரம் லேட்டு. கதவுக்கிட்ட நின்னு பாக்குறேன், உள்ள எல்லாரும் எழுதிக்கிட்டிருக்காங்க."

"மேல்முறையீடு போடலாம். இந்தப் பாரத்தை நிரப்புங்க. ஷிஃப்ட் எப்ப முடிஞ்சதுன்னு கம்பெனியில லெட்டர் வாங்கி, சாப்பு அடிச்சு, சேத்துக் குடுங்க. நேர்லதான் குடுக்கணும்."

"எச்.ஆர்.ல ரெண்டு நாள் இழுப்பாங்க. எப்பக்குள்ள?"

முடிவு வந்த மறுநாளிலிருந்து மூன்று வேலை நாட்கள். இதுதான் விதி. நான் விரலை மடக்கினேன். புதன். வியாழன். மூன்றாவது விரல் தானாக வெள்ளியையும் சனியையும் தாண்டிக் குதித்தது.

"ஞாயித்துக்கெழமை. சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள."

"ஞாயிறா? நல்லதாப் போச்சு லா. எனக்கு லீவே அன்னிக்குத்தான்."

"ஒழுங்கா வந்துடுங்க. அஞ்சு மணி அஞ்சு நிமிஷம்னா நான் வாங்க மாட்டேன்."

"எழுதிக் குடுங்க அக்கா. எம்மவ ஃபாரம் ஃபைவ், அவ படிப்பு டைம்டேபிள் எல்லாம் எனக்கு மனப்பாடம். என்னோடது மறந்துரும்."

கவுண்டரில் கிழித்துக் கொடுக்கும் சின்னச் சீட்டு இருக்கிறது. அதில் எழுதினேன்: மேல்முறையீடு, கடைசி நாள் ஞாயிறு, மாலை 5. பக்கத்தில் என் சுருக்கெழுத்து. தேதி முத்திரையையும் ஒன்று போட்டேன். அழகாக விழுந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் சீட்டை மடித்து அந்தத் தொழிற்சாலை அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டார். ஞாயிறு என்று சொன்னவளுக்கும் உறைக்கவில்லை, கேட்டவருக்கும் உறைக்கவில்லை. எங்கள் இருவருக்குள்ளும் பழைய வாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போனேன். அதைத்தான் என்னால் இன்றுவரை சீரணிக்க முடியவில்லை. வெள்ளி வேலை நாள் என்று தெரிந்து, போய், சக்கரத்தைத் தள்ளி, நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நண்பகலில் இரண்டாம் கவுண்டர் பாய் தொழுகைக்குக் கிளம்பினார். அவர் வரும்வரை கவுண்டரில் நான் மட்டும். மாலை ஐந்து மணிக்கு, மேல்முறையீட்டுப் பட்டியலை மூடினேன். மூடுவதற்கு ஒரு முறை உண்டு. கடைசிப் பெயருக்குக் கீழே அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு, கோட்டின் நுனியில் கையெழுத்து. கோட்டுக்குக் கீழே வருவது தாமதம். கோடு போட்டேன். கோப்பை நானே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தத் தொழிற்சாலை அட்டை ஒரு கணமும் என் நினைவுக்கு வரவில்லை. இரண்டு நாளுக்கு முன் ஞாயிறு என்று எழுதிய அதே கை, வெள்ளி மாலையில் கோடு போட்டது. ஒன்றுக்கு மற்றொன்று தெரியாமல் ஒரே தோளில் தொங்கின அந்தக் கைகள்.

சனிக்கிழமை முழுக்கத் தங்காக்கில் துணிக்கடை ஏறி இறங்கினோம். அண்ணன் மகளுக்கு நிச்சயம். மாலையில் கால் வீங்க செடெனாக் வீட்டுக்குத் திரும்பி, விழுந்து தூங்கினேன்.

ஞாயிறு காலை குளித்து, வேலைக்குப் போடும் பாஜு குரோங் போட்டு, கழுத்தில் பெயர் அட்டை மாட்டி, கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து செம்பனைத் தோட்டத்துப் பக்கம் பார்த்தபடி கோப்பி ஊதிக்கொண்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"வேலைக்குத்தான். வேற எங்க?"

"யாரு தொறந்து விடுவா, கேட்டுல நிக்கிற ஜாகாவா?" கோப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இன்னிக்கு ஞாயிறு, மகராசி. கவர்மெண்டே தூங்குது."

நானும் சிரித்தேன். பெயர் அட்டையைக் கழற்றினேன். கழற்றிய கை பாதியில் நின்றது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது, உள்ளே எதுவோ அதைவிட்டு நழுவி இறங்கிக்கொண்டிருந்தது. அட்டை. அட்டைக்குப் பின்னால் மடித்த சீட்டு. ஞாயிறு, மாலை 5.

அவர் வருவார். பூட்டிய கட்டடத்துக்கு வருவார். என் எழுத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்.

"என்னடி, மொகம் மாறுது?"

"ஒண்ணுமில்லங்க. போய்ட்டு வந்துடறேன்."

நெடுஞ்சாலையில் அன்று வண்டிகள் குறைவு. இரு பக்கமும் செம்பனைகள் வரிசை வரிசையாக, யாரோ எண்ணி நட்டது போல நின்றன. அவற்றை விரல் மடக்கி எண்ண வேண்டும் போல இருந்தது, எண்ணப் பயமாகவும் இருந்தது.

அவர் நிர்வாகக் கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிகூட ஆகவில்லை. மடியில் பழுப்பு உறை. சீவிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. காவலுக்கு இருந்த ஜாகா தன் நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். விடுமுறை நாளில் வருகிறவர்கள் எழுத வேண்டுமாம். பெயர், நேரம், வந்த காரணம். மாணவர் ஏற்கெனவே எழுதியிருந்தார்: மேல்முறையீட்டுக் கடிதம் கொடுக்க. அதற்குக் கீழே நான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என் பேனா கொஞ்ச நேரம் நின்றது. 'வேலை' என்று எழுதினேன்.

"அக்கா, லீவுங்கிறாரு."

"ஆமா தம்பி. நாள் மாத்திட்டாங்கல்ல. எனக்கே ஞாபகம் இல்ல. நானும் மறந்துதான் வந்துட்டேன்."

பொய்யில் பாதி உண்மை இருந்தால் அது நாக்கில் ஒட்டாமல் வெளியே வரும். அவர் என் பாஜு குரோங்கைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"அலமாக். அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே கேஸு. எனக்கும் தோணவே இல்ல அக்கா. இத்தன வருஷம் ஞாயித்துக்கெழமைதான இங்க எல்லா வேலையும் முடிப்பேன். சரி, அப்ப நாளைக்கா? நாளைக்குக் காலைல இருட்டுலயே பாலம் ஏறணும். இன்னொரு லீவு கேட்டா சூப்பர்வைசர் என்னையவே லீவுல அனுப்பிருவான்."

இப்போது சொல்ல வேண்டும். தம்பி, கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். பத்து சொற்கள்கூட இல்லை. வாயைத் திறந்தேன்.

"எங்கிட்ட குடுங்க. நான் உள்ள சேத்துடறேன்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். உறையைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பாரம். நிறுவனத்துக் கடிதம். மேலே, மூன்று பின் அடித்து, என் சீட்டு.

"யாராச்சும் கேட்டா காட்டலாம்னு இதையும் சேத்துட்டேன். ஆபிஸ் எழுத்தாச்சே." கொஞ்சம் தயங்கினார். "இது கெடைக்கலன்னா திருப்பி மொதல்லேருந்து சேர முடியாது அக்கா. வயசும் இல்ல, தெம்பும் இல்ல. மவ வேற பந்தயம் கட்டியிருக்கா, நீ முடிக்கிறியா நான் முடிக்கிறனா பாப்போம்னு."

"கெடைக்கும்."

"வாங்க, ஒரு தே தாரிக் குடிச்சிட்டுப் போலாம். இவ்ளோ தூரம் சும்மா வந்திருக்கீங்க."

"வேணாம் தம்பி. வீட்டுல வேலை கெடக்கு."

பக்கத்து இருக்கையில் உறையை வைத்து ஓட்டி வந்தேன். ஆள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. திருப்பத்தில் உறை சரிந்தபோது, பிடிப்பதற்குக் கை தானாக நீண்டது.

அன்று பகல் முழுக்க அந்த உறை தங்காக் சேலைப் பைக்கு அடியில் இருந்தது. அடுப்படியிலிருந்து அறைக்கும், அறையிலிருந்து அடுப்படிக்கும் நடந்தேன். சாம்பார் அடிப்பிடித்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார், அவ்வளவுதான்.

மூன்று வழிகள் இருந்தன. சீட்டைக் கிழித்துவிடலாம். அப்படிச் செய்தால் அவர் சும்மா தாமதமாக வந்த ஒரு மாணவர். அவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன், எல்லோரும் கவுண்டரைத்தான் நம்புவார்கள். நம்பிவிடுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அல்லது காலையில் சக்கரத்தைப் பின்னால் தள்ளி வெள்ளிக்கிழமை என்று முத்திரை குத்தலாம். அப்படிச் செய்தால் அவரும் பிழைப்பார், நானும் பிழைப்பேன், யாராவது கண்டுபிடிக்கும்வரை. அல்லது மாடிக்குப் போய் இது என் தப்பு என்று சொல்லலாம். அதற்குப் பிறகு 'அது' வரும். பக்கத்தில் நான்காம் கவுண்டரில் இருந்த ஓர் அம்மாவுக்கு அப்படித்தான் வந்தது. மறு மாதம் அவர் நாற்காலி காலி. குன்றுக்குப் பின்னால் எங்கேயோ மாற்றிவிட்டார்கள் என்றார்கள். ஒரே வளாகம்தான். ஆனாலும் அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

ஒரு முறை, ஒரே முறை, சீட்டின் முதல் பின்னை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அது கொஞ்சம் எழும்பியது. விட்டுவிட்டேன். எழும்பிய பின் அப்படியே நின்றது, தலை தூக்கிய எறும்பு மாதிரி.

திங்கள் காலை எல்லோருக்கும் முன்னால் போனேன். பாய் வந்து நாற்காலியை இழுத்தபடியே என்னைப் பார்த்தார்.

"என்ன அக்கா, மொகம் செத்துக் கெடக்கு. மாமா அடிச்சிட்டாரா?"

உறையை அவர் பக்கம் தள்ளினேன். சீட்டைப் படித்தார். சுவர் நாள்காட்டியைப் பார்த்தார். மறுபடி சீட்டு.

"யா அல்லாஹ். உங்க எழுத்தேதான்."

"எழுத்து நல்லாத்தான் இருக்கு."

"சிரிக்காதீங்க." குரலைத் தாழ்த்தினார். அவருக்கு அப்பா கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்த குரல்; எதையும் பக்கத்து மேசைக்குக் கேட்காமல் சொல்லத் தெரியும். "வீலைத் திருப்புங்க. வெள்ளின்னு அடிங்க. நான் தொழுகைக்குப் போன நேரத்துல வந்தாருன்னு வச்சுக்குவோம். நீங்க மட்டும்தான இருந்தீங்க. யாரு பாத்தா?"

"கோடு போட்டாச்சு பாய்."

"மேல கொண்டுபோன கோப்பு இன்னும் பொட்டியிலதான் கெடக்கு. வர்ற வழியில மேல போய்ட்டு வந்தேன், பாத்தேன். கோட்டுக்கு மேல ஒரு வரி காலியா இருக்கு. எப்பவும் ஒரு வரி விட்டுத்தான நீங்க கோடு போடுவீங்க."

உண்மை. கடைசிப் பெயருக்கும் கோட்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரு வரி விடுவேன். பார்க்க அழகாக இருக்கும் என்று. அந்த ஒரு வரியில் ஒரு மனிதர் படுத்துக்கொள்ள இடம் இருந்தது.

முத்திரையை எடுத்தேன். கட்டைவிரல் சக்கரத்தைப் பின்னால் தள்ளியது. ஒரு பல், இன்னொரு பல், இன்னொன்று. எலும்பு முறியும் சத்தம் தலைகீழாக. வெற்றுத்தாளில் குத்திப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை தேதி ஊதா நிறத்தில் ஈரமாக விழுந்தது. எவ்வளவு சுலபம்.

அந்த நேரத்தில் என்னைத் தடுத்தது மனசாட்சி என்று எழுத ஆசைதான். தடுத்தது ஜாகாவின் நோட்டு. ஞாயிறு காலை ஒன்பதுக்கு முன், அவர் பெயர், மேல்முறையீட்டுக் கடிதம் கொடுக்க. அதற்குக் கீழே என் பெயர். வெள்ளிக்கிழமை கொடுத்த கடிதத்தை ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எதற்குக் கொண்டுவர வேண்டும்? யாராவது அந்தப் பக்கத்தைத் திருப்பினால் எனக்கு முன்னால் அவர்தான் அகப்படுவார். போலி முத்திரைக்கு மேல்முறையீடு கிடையாது. அவருக்குப் படிப்பு மட்டும் போகாது, பெயரும் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்தான் நின்றது. அதில் எனக்கு மட்டும் வலிக்கும் பக்கம் எது என்று பார்த்து அந்தப் பக்கம் நடந்தேன். அதற்குத் தைரியம் என்று பெயர் வைக்க எனக்குக் கூச்சம்.

சக்கரத்தை முன்னால் தள்ளினேன். திங்கள். பாரத்தில் குத்தினேன். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாடியில் எங்கள் அதிகாரி, என்னைவிடப் பத்து வயது இளைய மலாய்ப் பெண். புவான் என்றுதான் கூப்பிடுவோம். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம். கோப்பை வாங்கி, சிவப்புக் கோட்டுக்குக் கீழே மாணவரின் பெயரை எழுதிவிட்டு, சீட்டைக் காட்டி, நடந்ததை மலாயில் சொன்னேன். படிக்கட்டையும் சொன்னேன். தெரிந்தும் மாணவரிடம் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் மலாய் உடைந்தது.

சீட்டில் எழும்பி நின்ற அந்த ஒரு பின்னைப் புவான் விரல் நுனியால் தொட்டார்.

"ஏன் கிழிக்கவில்லை?" என்று கேட்டார்.

"தெரியவில்லை, புவான்."

"எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். நேரத்தோடு. மாணவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்." பிறகு கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் பார்த்து மாணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பின்னால் இயந்திரச் சத்தம். அக்கா என்றார் சந்தோஷமாக. சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"நேத்து படிக்கட்டுல, இது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் டீ வேணாம்னீங்களா?"

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"வெள்ளிக்கெழமை மத்தியானமே லெட்டர் கையில இருந்துச்சு அக்கா. அரை நாள் சொல்லிட்டு ஓடி வந்திருப்பேன். ஞாயிறுன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னு பையில வச்சுக்கிட்டு ரெண்டு நாளு சும்மா இருந்தேன்." மூச்சு விடும் சத்தம். "இனிமே போன் பண்ணாதீங்க. லெட்டர் வந்தா லெட்டரே வரட்டும்."

அடுத்து வந்த வாரங்களை எப்படி எழுதுவது? எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததுதான் நடந்தது. லிஃப்ட் மணி அடிக்கும்போதெல்லாம் முதுகு நிமிர்ந்தது. உள் தபால் கொண்டுவரும் தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கீச்சிடும். அந்தக் கீச்சு தாழ்வாரத்தில் வளைந்து வளைந்து நெருங்கி, என் மேசையைத் தாண்டிப் போகும்வரை நான் மூச்சு விடவில்லை. தாண்டிப் போனாலும் நிம்மதி இல்லை. வராத கடிதம் இன்னும் எழுதப்படுகிறது என்று அர்த்தம். கவுண்டரில் யாராவது கடைசி நாள் எது என்று கேட்டால் எழுந்து போய்ச் சுவர் நாள்காட்டியில் விரல் வைத்து, நாளின் பெயரை உரக்கச் சொல்லி எண்ணினேன். வெள்ளி. திங்கள். பாய் முதலில் கேலி செய்தார். "அக்கா பாலர் பள்ளி நடத்துறாங்க." சில நாளில் அவரும் உரக்க எண்ண ஆரம்பித்தார்.

என்னை உண்மையில் எழுப்பி உட்கார வைத்தது வேலை போகுமோ என்ற பயம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. விடியலில் கண் விழித்தால் அவர் எந்த இடத்தில் இருப்பார் என்று மனம் கணக்குப் போடும். இப்போது பாலத்தில் ஏறியிருப்பார். இப்போது நடுவில். ஹெல்மெட்டுக்குள் இந்த மனிதர் என்ன நினைத்துக்கொண்டு போகிறார்?

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வந்தார். மேல்முறையீட்டுக் குழுவின் முடிவு வந்திருக்கிறது, நேரில் பெற்றுக்கொள்ளவும் என்று தகவல் போயிருந்தது. என் கவுண்டர் காலியாக இருந்தது. பாயின் கவுண்டரில் மூன்று பேர். அவர் பாயின் வரிசையில் நின்றார்.

உறை ஒட்டியிருந்தது. எனக்கும் உள்ளே என்ன என்று தெரியாது. அவர் கிழித்தார். முதல் பக்கத்தைப் படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு அரைவட்டத்தின் வழியாகத் தாளைப் பாயிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க படிங்க பாய். எனக்கு எழுத்து ஓடுது."

பாய் மலாயில் வாசித்து, தமிழில் சொன்னார். நான் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகம் எழுத்தில் கொடுத்த நாளை மாணவர் நம்பியது அவர் குற்றமாகாது. மேல்முறையீடு ஏற்கப்படுகிறது. அந்த ஒரு பாடத்துக்கு இன்னும் ஒரு பருவம். அதிலும் தேறாவிட்டால் அதோடு முடிந்தது.

அவர் பின்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வந்து, அன்று முதல் முறையாக, என் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

"பதிவுக்குக் கடைசி நாள் என்னிக்கு?"

சொன்னேன். நாள்காட்டியைக் காட்டி உரக்க எண்ணினேன். அவர் எண்ணுவதைக் கேட்கவில்லை. தானே விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார், உதடு அசைய. இரண்டாம் தடவையும் எண்ணினார். கைப்பேசியை எடுத்து நாள்காட்டியைப் படம் பிடித்தார்.

"எழுதித் தரட்டுமா தம்பி?"

"வேணாம்." கைப்பேசியைப் பையில் போட்டார். கோபமாகச் சொல்லவில்லை. சூடான பாத்திரத்தைத் தொடாமல் கையை எடுப்பது போல, அவ்வளவு இயல்பாகச் சொன்னார். கதவுவரை போனவர் திரும்பிப் பாயைப் பார்த்துத் தலையாட்டினார்.

மறு வாரம் தள்ளுவண்டி என் மேசையில் நின்றது. என் பெயர் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. எச்சரிக்கை, என் பணிப் பதிவேட்டில் ஒரு தாள், இடமாற்றம்.

இப்போது நான் குன்றுக்குப் பின்னால் இருக்கிறேன். பார்க்காத கட்டடங்களைப் பார்த்துவிட்டேன். என்னுடையது சன்னல் இல்லாத நீண்ட கூடம், முடிந்துபோன மாணவர்களின் கோப்புகள் வந்து சேரும் கிடங்கு. நான்காம் கவுண்டர் அம்மா இங்கேதான் இருந்திருக்கிறார். மேசை இழுப்பறையில் அவருடைய சீப்பு இருந்தது. இங்கே அரைவட்டம் இல்லை, கைகள் இல்லை. ஒரு முத்திரை மட்டும் இருக்கிறது. தேதிச் சக்கரத்தோடு.

ஒரு மாணவரின் கோப்பு இரண்டே காரணத்துக்குத்தான் இங்கே வரும். படிப்பு முடிந்தால் உறையின் மேல் பச்சைத் தாள் ஒட்டி வரும். நிறுத்தப்பட்டால் மஞ்சள். அவருடைய கோப்பும் ஒரு நாள் வரும். உள்ளே அந்தச் சீட்டு இருக்கும், தலை தூக்கிய ஒரு பின்னோடு, அழகான என் எழுத்தோடு. வியாழக்கிழமைகளில் லாரி பின்பக்கக் கதவில் வந்து நிற்கிறது. பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பருவத்துத் தேர்வு முடிந்து முடிவுகள் வந்துவிட்டன என்று பாய் சொன்னார். அவருடையது என்ன என்று நான் கேட்கவில்லை. கணினியில் பார்க்கலாம், பெயரைப் பாதி தட்டிவிட்டு அழித்துவிட்டேன்.

நாளை வியாழன். சுவரில் பார்த்துத்தான் சொல்கிறேன்.